கத்தினால் கேட்காது, காட்டினால் தெரியும்

ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தை போகும் மலைப்பாதைப் பக்கம் மண் வெட்டும் வேலை. ஹிட்டாச்சி ஓட்டுபவருக்குக் கீழே நிற்கும் எங்கள் குரல் கேட்பதே இல்லை. என்ன வழி?

இன்ஜின் இரைச்சலோடு குரல் போட்டியிட முடியாது என்பதால், தங்கள் தளத்தில் முதலில் வேண்டுவது ஒரே ஒரு சைகையாளர், அதாவது வண்டிக்கு வழிகாட்டுவதைத் தவிர வேறு வேலை வைத்துக்கொள்ளாத ஆள். நான்கு பேர் நான்கு விதமாகக் கை அசைத்தால் ஓட்டுநர் எதையும் நம்பமாட்டார். ஆனால் நிறுத்தச் சொல்லும் உரிமை மட்டும் கூடையேந்தும் பெண் உட்பட எல்லோருக்கும் உண்டு; இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் வண்டி உடனே நிற்க வேண்டும் என்று வேலை தொடங்குமுன் ஓட்டுநரோடு சேர்ந்தே பழகிக்கொள்வது நல்லது.

சைகையாளர் நிற்க ஏற்ற இடம் ஓட்டுநரின் இடப்பக்க முன்புறம். ஏனெனில் கேபின் இடப்புறம் இருக்க, பூம் எனப்படும் நீண்ட கை வலப்பக்கப் பார்வையை மறைக்கிறது. பின்னால் இருக்கும் எதிர் எடை, வண்டி சுழலும்போது பாறைச்சரிவுக்கும் தனக்கும் இடையே நிற்பவரை நசுக்கிவிடும் என்பதால், மலைப்பாதையில் அந்த இடைவெளியைக் கயிறு கட்டி அடைத்துவிட வேண்டும். யாரேனும் அருகில் செல்ல நேர்ந்தால், ஓட்டுநர் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இருக்கையருகே உள்ள பூட்டு லிவரைப் போட்டு, இரு கைகளையும் தூக்கிக் காட்டிய பிறகே செல்லலாம். பின்னோக்கி நகரும்போது ஒலிக்கும் ரிவர்ஸ் அலாரம், மண் அள்ளும் வண்டிகளுக்குக் கட்டாயம் என்று 1998ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் மத்திய விதிகளே கூறின. அது பழுதாகியிருந்தால், வேலையை நிறுத்திச் சரிசெய்யுமாறு மேஸ்திரியிடம் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.