பாக்கெட் ஏன் உப்புகிறது?

கோவை ரங்கே கவுடர் வீதியிலிருந்து நாம் ஊட்டிக்கு ஏற்றிவிடும் சிப்ஸ், மிக்சர் பாக்கெட்டுகள் மலை ஏறியதும் தலையணை போல உப்பிவிடும். சித்திரை வெயிலில் தகரக்கூரை குடோனிலும் பாக்கெட் உப்பும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். காரணம் வேறு வேறு. மூன்றாவது காரணமும் ஒன்று உண்டு. அதுவே ஆபத்தானது.

முதலாவது சூடு. பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்றின் மூலக்கூறுகள் ஓயாமல் ஓடி உறையில் மோதிக் கொண்டிருக்கின்றன. சூடு ஏறினால் ஓட்டமும் மோதலும் வேகமாகின்றன. உறை இடம் கொடுத்தால் காற்று விரிகிறது. கொடுக்காவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பிரெஞ்சு அறிஞர் சார்லஸ் 1787ல் இதை ஆராய்ந்தார். கே-லுசாக் 1802ல் வெளியிட்டார்.

கணக்கு சுலபம். செல்சியஸ் டிகிரியுடன் 273ஐக் கூட்டிக் கொள்ள வேண்டும். காலையில் 27 டிகிரி என்றால் 300. மதியம் குடோனுக்குள் 47 டிகிரி என்றால் 320. ஆக, 300 பங்கு காற்றுக்கு இப்போது 320 பங்கு இடம் வேண்டும்.

இரண்டாவது உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள குளிருக்குப் பாக்கெட் சுருங்கத்தான் வேண்டும். 30 டிகிரி 15 ஆனால் 20ல் ஒரு பங்கு குறையும். ஆனால் வெளிக்காற்றின் அழுத்தம் மேட்டுப்பாளையத்தைவிட அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் உள்காற்று விரிகிறது. சரக்கில் குற்றமில்லை. மலைக்குப் போகும் பெட்டிகளை இறுக்கி அடுக்காமல் சற்று இடம் விட்டால் தையல் பிரியாது.

மூன்றாவது கெட்டுப்போதல். கிருமிகள் உள்ளே வாயுவை உண்டாக்குவதால் வரும் உப்பல் இது. சூட்டால் உப்பியது நிழலில் ஒரு ராத்திரி இருந்தால் அடங்கிவிடும், இது அடங்காது. ஜூஸ், பால், பழக்கூழ் டப்பாக்கள் ஆறிய பிறகும் உப்பியிருந்தால் விற்கவே கூடாது. வாங்கியவர் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சென்ட் ஸ்பிரே, லைட்டர், சோடா பாட்டில் இவற்றின் உறை விரிந்து கொடுக்காது. சூட்டில் அழுத்தம் ஏறி வெடிக்கலாம். ஸ்பிரே டப்பாக்களில் 50 டிகிரிக்கு மேல் சூடு கூடாதென்று அச்சிட்டிருப்பது இதனால்தான். வெயிலில் பூட்டி நிறுத்திய வேனிலும், கடை முன் வெயில் படும் தட்டிலும் இவற்றை வைக்க வேண்டாம். கூரைக்கு அடியில் உயர அடுக்காமல், தரையோரம் நிழலில் வைப்போம். செலவில்லாத பாதுகாப்பு இது.