போர்டு சொல்வதும் ரோடு சொல்வதும்

மலைப்பாதை என்றதும் நம் ஊரில் முதலில் எண்ணப்படுவது கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டுக்கு 20, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. ஒவ்வொரு வளைவிலும் போர்டு வைத்து எண் போட்டிருப்பதால், பஸ்ஸில் போகும் குழந்தைகூட எண்ணிக்கொண்டே ஏறும். சைக்கிளில் ஏறப் போகிறவரும் அதையேதான் விசாரிக்கிறார்: "எத்தனை பெண்டு?" வளைவு கூடினால் ஏற்றம் கடுமை என்பது அசைக்க முடியாத நம்பிக்கை.

உண்மை கிட்டத்தட்ட இதற்குத் தலைகீழ். மலையில் வளைவு போடுவதே ஏற்றத்தைக் குறைக்கத்தான். நேராக ரோடு போட்டால் எந்த வண்டியும் ஏற முடியாத சரிவை இப்படியும் அப்படியுமாக மடித்து, தூரத்தைக் கூட்டி, செங்குத்தைக் குறைக்கிறார்கள். வால்பாறைப் பாதையின் ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள், அந்த லோம்ஸ் காட்சிமுனைக்கு ரோட்டை வகுத்த பொறியாளரின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. அங்கே இருக்கும் 40 வளைவுகளும் ஏறுகிறவருக்குச் செய்த உபகாரம். கொல்லிமலையின் 70 வளைவுகளை முடித்துவிட்டுச் சிரிக்கிற சைக்கிள்காரர்கள் பலர், மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் பேச்சடங்கிப் போவார்கள். அங்கே 36 வளைவுகள்தான். 2008இல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' சைக்கிள் பயணத்தில் எல்லோரும் பயந்து பேசும் ஏற்றமும் அதுதான்.

பிரான்சின் மோன் வான்டூ இன்னும் நல்ல சாட்சி. பெடோவான் என்ற ஊரிலிருந்து உச்சிக்கு சுமார் 21 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் 1,600 மீட்டர். நடுவில் வரும் காட்டுப் பகுதியில் கொண்டை ஊசி வளைவே அபூர்வம். ரோடு சுமார் 9 சதவீதச் சரிவில், மூச்சு வாங்க இடம் தராமல் மேலே போய்க்கொண்டே இருக்கும். அதே பிரான்சில் 21 வளைவுகளுக்குப் பேர் போன ஆல்ப் டுவெஸ் ஏற்றத்தில், வளைவு வரும்போதெல்லாம் ரோடு சற்றுத் தளர்வதால் வீரர்களுக்கு அங்கே இரண்டு மூச்சு கூடுதலாகக் கிடைக்கிறது.

சரிவு சதவீதம் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 100 மீட்டர் போவதற்குள் 8 மீட்டர் உயர்ந்தால் 8 சதவீதம். நீலகிரி மலை ரயில் கல்லாருக்கு மேலே ஏறும் இடங்களில் சுமார் 12 அடிக்கு ஓர் அடி உயர்கிறது. அதற்கே தண்டவாளத்தின் நடுவில் பல்தண்டவாளம் போட வேண்டியிருந்தது. ஆல்ப் டுவெஸ்ஸின் சராசரிச் சரிவும் அதே அளவு, 8.1 சதவீதம்.

ஆனால் 'சராசரி' என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பிரெஞ்சு ஆல்ப்ஸில் கிளாந்தோன் என்றொரு கணவாய். 24 கிலோமீட்டருக்குச் சராசரி 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு என்று கணக்கு சொல்லும். நடுவே ரோடு கீழே இறங்கி மறுபடி ஏறுகிறது. அந்த இறக்கம் சராசரியைக் குறைத்துக் காட்டிவிடுகிறது. உள்ளே 10 சதவீதத்தைத் தாண்டும் பகுதிகள் பதுங்கியிருக்கின்றன. புது ரூட் ஒன்றில் ஏறுமுன் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எத்தனை சதவீதம் என்ற பட்டியலை.

வளைவிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. கொண்டை ஊசியின் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சமம். நாம் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால், ஏறும்போது இடது வளைவுகளில் எல்லாம் உள்பக்கம்தான் நமக்கு. அங்கே நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்; பாதி வளைவில் செயின் மாற்றினால் பெடல் இறுகி நின்றுவிடும். சமமாக இருக்கிறதே என்று வெளிப்பக்கம் ஒதுங்குவது தற்கொலைக்குச் சமம். மேலிருந்து வரும் பஸ் அந்த வளைவை முழுசாக எடுத்துத்தான் திரும்பும்.

அடுத்தது கடைக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த நம்பிக்கை: லேசான சைக்கிள் வாங்கினால் மலை தானாக ஏறும். 75 கிலோ ஆளும் 10 கிலோ சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. கடன் வாங்கி ஒரு கிலோ குறைத்தாலும், ஒரு மணி நேர ஏற்றத்தில் முக்கால் நிமிடம்கூட மிச்சமாகாது. தொழில்முறைப் பந்தயத்திலேயே 6.8 கிலோவுக்குக் கீழே சைக்கிள் போகக் கூடாது என்று விதி இருக்கிறது.

காசைப் போட வேண்டிய இடம் பின்சக்கரத்துப் பல். அதே 85 கிலோ, 8 சதவீத ஏற்றம், நிமிடத்துக்கு 60 மிதி என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 39 பல், பின்னால் 25 பல் இருந்தால் வண்டி மணிக்குக் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டரில் போயாக வேண்டும். அதற்குச் சுமார் 240 வாட் சக்தி வேண்டும். முறையான பயிற்சி இல்லாதவரால் அதை அரை மணி நேரம்கூடத் தாங்க முடியாது. முன்னால் 34, பின்னால் 34 என்று மாற்றினால் வேகம் ஏழரை கிலோமீட்டர். தேவை 150 வாட்டுக்குப் பக்கம். அதே கால்தான், அதே மலைதான். முதலாமவர் பாதியில் இறங்கி உருட்டுவார். இரண்டாமவர் உச்சியில் டீ குடிப்பார்.

சின்ன கியர் போடுவது கேவலம் என்கிற எண்ணமோ நூறு வருஷப் பழசு. டூர் டி பிரான்ஸை நடத்திய ஆன்றி டெக்ரான்ஜ், மாற்று கியரெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று 1902இலேயே எழுதியவர். அவருடைய பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு 1937இல்தான் முழு அனுமதி கிடைத்தது. அதுவரை வீரர்கள் கணவாயின் அடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்துப் பெரிய பல் செயினில் வரும்படி திருப்பி மாட்டி, பிறகு ஏறினார்கள். உச்சிக்குப் போனதும் மறுபடி அதே வேலை.

உருட்டிக்கொண்டு போவது அவமானமா? 1910இல் டூர் முதல்முறையாக பிரெனீஸ் மலையின் 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மலே கணவாயைக் கடந்தது. முதலில் உச்சியைத் தொட்ட ஒக்டாவ் லபீஸ் வழியில் சில இடங்களில் இறங்கிச் சைக்கிளை உருட்டினார். கால் ஊன்றாமலே ஏறியதற்கான தனிப் பரிசு குஸ்தாவ் கரிகூ என்பவருக்குப் போனது. ஆனால் அந்த வருஷ டூரை வென்றவர் உருட்டிய லபீஸ்தான்.

ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது ஓய்வு என்பது இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. அதற்குத் துணையாக இன்னொன்று: முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புறக் கவிழ்ந்துவிடும். சின்ன வயதில் சைக்கிள் சொல்லிக்கொடுத்தவர் போட்ட பயம் இது, பெரியவர்களானாலும் போவதில்லை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடையின் பெரும்பகுதி முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. அதனால் ரோட்டைப் பிடிக்கும் பலமும் முன்சக்கரத்துக்குத்தான் அதிகம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால், எடை குறைந்த பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி நிற்காது. முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிப்பதுதான் தவறு. சீட்டில் பின்னுக்கு நகர்ந்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். அதுவும் வளைவுக்குள் போன பிறகு இல்லை. வளைவுக்கு முன்னால், சைக்கிள் நிமிர்ந்து இருக்கும்போதே.

பயத்தில் மேலிருந்து கீழ்வரை பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வருகிறவர்களும் உண்டு. பத்திரமாகத் தோன்றும், ஆனால் ரிம்முக்கு விஷம். 85 கிலோ எடை 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தியைக் கொண்டு, குழாயில் பிடித்த இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அதில் எவ்வளவைக் காற்று வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவு நல்லது. மெதுவாக, இடைவிடாமல் பிரேக் பிடித்தால் பெரும்பகுதி ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் போய்ச் சேரும். ரிம் பிரேக் சைக்கிளில் அந்தச் சூட்டில் டியூப் வெடிப்பது உண்டு. கார்பன் ரிம் என்றால் ரிம்மே உருக்குலையலாம். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் சூடு போகும் இடம் மாறுகிறதே தவிரச் சூடு மாறுவதில்லை. விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து வருவதே முறை.

தொழில்முறை வீரர்களையும் இறக்கம் விட்டுவைக்கவில்லை. ஒலிம்பிக் தங்கம் வென்ற இத்தாலியர் ஃபாபியோ கசார்தெல்லி 1995 டூரில் போர்தே தாஸ்பே கணவாயில் இறங்கும்போது விழுந்து இறந்தார். அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. பந்தயங்களில் ஹெல்மெட் கட்டாயமானது 2003இல். அப்போதுகூடக் கடைசி ஏற்றத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்துப் பிறகுதான் எடுத்தார்கள். குளிரும் சேர்ந்துகொள்ளும். வியர்வையில் ஊறிய பனியனோடு இறங்கினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்து, பிரேக் பிடிக்க வராது. அதனால்தான் கணவாய் உச்சியில் நிற்கும் ரசிகர்களிடம் செய்தித்தாள் வாங்கி மார்பில் செருகிக்கொள்ளும் பழக்கம் வந்தது. கோத்தகிரி டீக்கடையிலும் பேப்பர் கிடைக்கும்.

குளிர்ந்த மலையில் தண்ணீர் குறைவாகப் போதும் என்பதும் பொய். வியர்வை காற்றில் உடனே காய்வதால் போவது தெரிவதில்லை, அவ்வளவே. சாப்பிட விலை உயர்ந்த ஜெல்தான் வேண்டும் என்பதும் இல்லை. வாழைப்பழமும் கடலை மிட்டாயும் சட்டைப் பையில் இருந்தால் போதும்.

கடைசியாக லடாக். கர்துங் லா கணவாயின் உச்சியில் 18,380 அடி என்று எழுதிய போர்டின் கீழ் படம் எடுக்காத சைக்கிள்காரர் இல்லை. உலகிலேயே வண்டி போகும் மிக உயரமான கணவாய் என்ற பெருமையும் அதில் எழுதப்பட்டிருந்தது. ஜி.பி.எஸ். அளவில் அதன் உயரம் சுமார் 17,582 அடி, அதாவது 5,359 மீட்டர். லடாக்கிலேயே உம்லிங் லா 19,024 அடி; 2021இல் கின்னஸ் சான்றும் வாங்கியது.

போர்டில் 800 அடி கூடினால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கெடுவது வேறு ஒரு கணக்கு. லே நகரிலிருந்து கர்துங் லாவுக்கு சுமார் 40 கிலோமீட்டர். ஏற வேண்டியது ஏறக்குறைய 1,850 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் உயரமும் கிட்டத்தட்ட அதேதான். ஊட்டியை ஏறிவிட்டேன், இதுவும் ஏறலாம் என்று கிளம்புகிறவர்கள் மறப்பது, ஊட்டி ஏற்றம் 2,240 மீட்டரில் முடிகிறது, லே ஏற்றம் 3,500 மீட்டரில் தொடங்குகிறது என்பதை.

உயரத்தில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை. அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கர்துங் லாவில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டி வந்துவிடும். நல்ல உடற்பயிற்சி உள்ளவருக்கு மலை நோய் வராது என்பதும் தவறு. கால் பலம் இதிலிருந்து காப்பாற்றாது. வேகமாக ஏற முடிகிற காரணத்தாலேயே பலசாலிகள் மாட்டிக்கொள்வதும் உண்டு. மலை நோய்க்கு மருந்து என்று சிலர் நம்பும் கற்பூரத்தை முகர்ந்தால் மூக்குதான் குளிரும். ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகரிக்காது. பழக வேண்டியது உடம்பு, அதற்கு நாள் பிடிக்கும். 3,000 மீட்டருக்கு மேல் ஒரு இரவிலிருந்து அடுத்த இரவுக்குத் தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் பொது விதி.

விமானத்தில் லே போய் இறங்குகிறவர்கள் குறைந்தது முதல் இரண்டு நாள் சைக்கிளைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே இருங்கள். தலைவலி, குமட்டல் இருந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அப்போதே வண்டி பிடித்துக் கீழே இறங்கி டாக்டரைப் பாருங்கள்.