அளவையியல் கற்போம்: "ஆல்" என்னும் சிறு ஈறு

இலங்கையில் க.பொ.த. உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் ஒரு பாடம். அதைப் படித்தவர்கள் பொறுத்தருள்க. மற்றவர்களுக்காக அடியிலிருந்து தொடங்குகிறேன்.

கூற்றுக்களை ஒன்றோடொன்று தொடுக்கும் "உம்", "அல்லது", "ஆல்" முதலியவற்றை இணைப்பிகள் என்பர். "உம்" இலகுவானது. இரு கூற்றும் உண்மையானால்தான் முழுவதும் உண்மை. "அல்லது" என்பதற்கு ஒன்று உண்மையானால் போதும். இரண்டும் உண்மையாயினும் குற்றமில்லை. (தேநீரா, கோப்பியா என்று கேட்கும் வீட்டில் இது செல்லாது!)

சிக்கல் "ஆல்" இல்தான். "மழை பெய்தால் முற்றம் நனையும்." இக்கூற்று எப்போது பொய்யாகும்? மழை பெய்தும் முற்றம் நனையாவிட்டால் மட்டுமே. மழை பெய்யாத நாளில் முற்றம் காய்ந்திருந்தாலும் சரி, யாரோ வாளித் தண்ணீர் ஊற்றி நனைந்திருந்தாலும் சரி, கூற்றுக்குப் பழுதில்லை. கி.மு. 300 அளவில் இவ்விளக்கத்தைத் தந்தவர் மெகாராவைச் சேர்ந்த பைலோ என்னும் கிரேக்கர். அவருடைய ஆசிரியர் டயடோரசு இதனை ஏற்கவில்லை. முற்பகுதி உண்மையாகவும் பிற்பகுதி பொய்யாகவும் எக்காலத்திலும் அமைய முடியாதிருந்தால்தான் கூற்றுச் செல்லும் என்றார். 1879இல் ஜெர்மானியக் கணித அறிஞர் பிரேகெ தமது குறியீட்டு முறையில் பைலோவின் கருத்தையே கைக்கொண்டார்.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? ஒரு படிவத்தில் "பிறப்புச் சான்றிதழ் இருந்தால் விண்ணப்பிக்கலாம்" என்றிருப்பதாகக் கொள்வோம். வீட்டோடு சான்றிதழும் எரிந்துபோன நம்மவர் ஒருவர், "என்னட்டை இல்லை, அப்ப எனக்கு இல்லை" என்று படிவத்தை மடித்து வைத்துவிடுகிறார். கணக்காளன் என்ற முறையில், இவ்வாறு மடித்து வைத்த கடிதங்கள் பலவற்றை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் இல்லாதவரைப் பற்றி அவ்வாக்கியம் எதுவுமே கூறவில்லை. அவரைத் தடுக்க "இருந்தால் மட்டுமே" என்று எழுதியிருக்க வேண்டும். ஆங்கிலப் படிவமாயின் "இஃப்" என்பதற்கு முன்னால் "ஒன்லி" உண்டா என்று பாருங்கள்.

பேச்சுவழக்கு வேறு என்பதையும் சொல்லவேண்டும். "சோதினை பாஸ் பண்ணினால் சைக்கிள்" என்று தகப்பன் சொன்னால், பெயிலானால் சைக்கிள் இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். படிவம் எழுதுபவரும் சில வேளைகளில் "மட்டுமே" என்பதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு எழுதாமல் விடுவார். ஆகவே சான்றிதழ் இல்லாதவர் அதற்குப் பதிலாகச் சத்தியக் கடதாசி ஏற்பார்களா என்று அவ்வலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கலாம்.

பயிற்சி: மழை பெய்தால் முற்றம் நனையும். (அ) முற்றம் நனைந்துள்ளது. ஆகவே மழை பெய்தது. (ஆ) முற்றம் நனையவில்லை. ஆகவே மழை பெய்யவில்லை. எது சரி?

விடை: (ஆ). முதலாவதில் வாளியை மறந்துவிட்டோம்.