அடக்கம் வீட்டில் விளையும் பயிர்

அய்யா துணை

அன்புக்கொடி மக்களே! “பிள்ளை சொன்ன பேச்சு கேட்பதில்லை, நாலு புத்தி சொல்லுங்கள்” என்று பதிக்கு வரும் தாய்மார் கேட்பதுண்டு. பதியில் கேட்கும் புத்தி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். வீட்டில் பார்க்கும் நடப்போ தினமும். பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

துவையல் தவசு காட்டும் வழி

அய்யா வைகுண்டர் தம் மக்களைத் துவையல் தவசுக்கு அனுப்பியபோது தனி ஆட்களாக அனுப்பவில்லை. 700 குடும்பங்களாக அனுப்பினார். கடலோரத்து வாகைப்பதியில் அவர்கள் தினமும் மூன்று வேளை குளித்துத் துணி துவைத்தார்கள். அரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்து ஒரு வேளை மட்டும் உண்டார்கள். காட்டுக்குப் போய்த் தனியாக அடக்கம் பழகச் சொல்லவில்லை அய்யா. குடும்பத்தோடு இருந்து பழகச் சொன்னார். தாயும் தகப்பனும் பொறுப்பதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைக்குப் பொறுமையைத் தனிப் பாடமாக நடத்த வேண்டியதில்லை.

வளரும் வயதின் இயல்பு

ஆசையையும் கோபத்தையும் எழுப்பும் மூளைப் பகுதி இளவயதிலேயே வேகம் பிடித்துவிடுகிறது. “பொறு, யோசி” என்று தடுக்கும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முதிர 25 வயது வரை ஆகும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. நாம் திருநாமம் இடுவதும் அந்த நெற்றியில்தான். ஆகவே 15 வயதுப் பிள்ளை பொறுமை இழந்தால் அது கெட்ட பிள்ளை என்று முடிவு கட்டக் கூடாது. அதுவரை குடும்பமே அதற்குக் கடிவாளம். கடிவாளத்தை ஓயாமல் இழுத்தால் குதிரை முரண்டும். அடியோடு விட்டால் ஓடிவிடும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். சாப்பிடும்போது தகப்பன் கையில் செல்போன் இருந்தால் மகனைக் கண்டிக்க வாய் வராது. மகளுக்கு ஒரு நீதி, மகனுக்கு ஒரு நீதி என்பதும் ஆகாது.

2. சொன்ன சொல்லில் இருவரும் நில்லுங்கள். மகன் பைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கிறான். தாய் மறுத்ததைத் தகப்பன் வாங்கிக் கொடுக்கிறார். அடம் பிடித்தால் கிடைக்கும் என்பதே அவன் படித்த பாடம். 18 வயதும் உரிமமும் வரட்டும் என்று இருவரும் ஒரே குரலில் அன்பாகச் சொன்னால், காத்திருக்கப் பழகுவான்.

3. உண்மை சொன்ன பிள்ளையை அடிக்காதீர்கள். தவறை ஒத்துக்கொண்ட அன்று அடி விழுந்தால் அடுத்த முறை ஒளிப்பான். மதுவும் கஞ்சாவும் நுழைவது அந்த ஒளிவில்தான். கண்டிப்பு இருக்கட்டும், கோபம் தணிந்த பிறகு இருக்கட்டும்.

4. குடிக்கும் தகப்பன் முதலில் தான் நிறுத்தட்டும். மாயையான கலி வெளியிலிருந்து வரும் முன்பே நம் வீட்டுக்குள் இடம் பிடித்திருந்தால், பிள்ளையைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

5. மாலை உகப்படிப்புக்குக் குடும்பமாக அமருங்கள். விளக்கேற்றும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். பொறுப்பு ஏற்ற கைக்கு அடக்கம் தானே வரும்.

கார்த்திகைத் திருஏடு வாசிப்பின் 17 நாளும் பெற்றோர் ஒன்றை விடட்டும், பிள்ளை ஒன்றை விடட்டும். அப்பா புகையிலையை விட்டால் மகன் இரவு செல்போனை விடுவான். ஒரு நாள் தவறினால் ஏசாமல் மறுநாள் தொடருங்கள்.

பள்ளியறையில் அய்யா கண்ணாடி வைத்திருக்கிறார். பிள்ளையைத் திருத்த வேண்டுமென்று வருகிறவர் அதில் முதலில் காண்பது தம் முகத்தைத்தான்.

அய்யா உண்டு.