தறி ஓடும் வீட்டில் தவழும் குழந்தை: பத்துக் குறிப்புகள்

ஊர்ப் பெயரிலேயே செவிலியை வைத்திருக்கிறது நம் காஞ்சிபுரத்துச் செவிலிமேடு. குழந்தைகள் வார்டில் நர்ஸம்மா கேட்கும் கேள்விகளைக் கவனித்திருக்கிறீர்களா? காய்ச்சல் எத்தனை நாள் என்பதோடு விடமாட்டார். பிறந்தபோது என்ன எடை, என்ன தண்ணீர் குடிக்கிறது, பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், வீட்டில் என்ன தொழில் என்று போய்க்கொண்டே இருக்கும். நோய்க்குப் பாதிக் காரணம் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். அந்தக் கேள்விகளுக்கு நம் நெசவாளர் வீடுகளிலிருந்து சில பதில்கள்.

1. தறி நிற்கும் நேரத்தில் தறிக்குழியைப் பலகை போட்டு மூடிவிடுங்கள். தவழும் குழந்தைக்குக் குழி என்றால் ஆசை. தார்க்குச்சி, ஊசி, ஜரிகைத் துண்டு, புளியங்கொட்டை எல்லாம் குழந்தை எழுந்து நின்றாலும் எட்டாத உயரத்துக்குப் போகட்டும். 4 வயது வரை முழு வேர்க்கடலை வேண்டாம். தொண்டையில் ஏதாவது அடைத்து, அழவோ இருமவோ முடியாமல் திணறினால், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போய்விடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. வரவில்லையா? மல்லாத்தி, நெஞ்சின் நடுவே இரண்டு விரலால் 5 அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருங்கள்; பக்கத்தில் இருப்பவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

2. குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டாத வீடு இங்கே குறைவு. மணம் நமக்கு, புகை குழந்தையின் நெஞ்சுக்கு. தலையைத் துண்டால் துவட்டினாலே காயும். கொசுவத்திச் சுருளுக்குப் பதில் வலை போதும். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதையும் விட்டுவிடுங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவைக் கொண்டுவரும். பாட்டி கோபித்துக்கொண்டால், கை கால் பிடித்துவிடும் பொறுப்பை முழுதாக அவரிடமே கொடுத்துவிடலாம்.

3. அரைஞாண் கயிறு இறுகினால் பிள்ளை வளர்கிறது என்பது பழைய கணக்கு. மோசமான கணக்கு இல்லை. ஆனால் கயிறு சொல்வதற்கு முன்பே தராசு சொல்லிவிடும். பிறந்த எடை 5 மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு. மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை போட்டு, அட்டையில் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமே இந்தக் கோட்டை நம்பித்தான் நடந்தது: மாதாமாதம் எடை, யாருக்கு ஏறவில்லையோ அவர்களுக்குக் கூடுதல் உணவு. ஒல்லியாக இருப்பதைவிட, ஏறாமல் நிற்பதுதான் கவலைக்குரியது.

4. 6 மாதம் தாய்ப்பால் மட்டும்; சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். அதன்பின் குழைத்த சாதம், பருப்பு, மசித்த முட்டை, முருங்கைக்கீரை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காலையில் டீயில் நனைத்த பிஸ்கட் கொடுத்துவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிடுகிறோமே, அதை நிறுத்தினாலே கொஞ்சம் சரியாகும். டீ, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கோவில் இட்லி கொடுக்கலாமா என்றால், மிளகைப் பொறுக்கி எறிந்துவிட்டுத் தாராளமாக. ஒரு வயதுக்குள் தேன் மட்டும் கூடவே கூடாது.

5. வயிற்றுப்போக்கில் “உச்சிக்குழி விழுந்துடுச்சு” என்று பாட்டி சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம் அது. அவர் கண்டுபிடித்தது சரி. தொக்கு எடுக்க அழைத்துப் போவதுதான் தப்பு. ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட் என்றால் முழுவதையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கரைத்தால் உப்பின் அளவு கெட்டுவிடும். 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை போனபின்பும் 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரை டம்ளர், ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரை கொடுத்தால் வயிறு சரியானாலும் 14 நாள் முடிக்க வேண்டும். 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை டிரம்மில் வைத்து, வீட்டார் கையாலேயே கொடுக்கச் செய்தார். ஆயிரக்கணக்கானோர் பிழைத்தது அதனால்தான்.

6. பாராசிட்டமால் டிராப்ஸும் சிரப்பும் ஒன்றல்ல. பல டிராப்ஸ்களில் ஒரு மில்லியில் 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. சிரப் அளவில் டிராப்ஸை ஊற்றினால் விஷம். அளவு வயதுக்கல்ல, எடைக்கு.

இருமல் மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் மாவட்டம் என்பதால். சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ சிரப்பைக் குடித்து, 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். தமிழக ஆய்வகச் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அக்டோபரில் இங்கே தடை வந்தது. இருமல், சளி மருந்து 2 வயதுக்குள் கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. மெடிக்கலில் வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்கும் பழக்கம் இனியும் எதற்கு?

7. சளியா, நிமோனியாவா? குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. அந்த அளவைத் தொட்டாலே டாக்டரிடம் போங்கள். விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ 108. நாடாவை விட்டுவிட்டு இழை எண்ணுகிறவர்களுக்கு மூச்சு எண்ணுவது பெரிய வேலையில்லை.

8. தடுப்பூசி அட்டையை ரேஷன் கார்டோடு வையுங்கள். பிறந்ததும், 6, 10, 14 வாரங்களில், 9 மாதத்தில், ஒன்றரை வயதில், 5 வயதில். கருட சேவைக்கு வந்த சொந்தக்காரர்களால் தேதி தவறிவிட்டதா? முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். லேசான சளிக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

9. பாலாற்றில் தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்கக் கையைப் பிடித்துத்தான் அழைத்துப் போக வேண்டும். வீட்டுக்குள் நிரப்பி வைத்த பக்கெட்டும் ஆறுதான்.

10. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனால், குழந்தைக்கு வழக்கமாகச் சோறு ஊட்டுகிறவர் கூட இருக்கட்டும். கொடுத்த மருந்துப் பாட்டில்கள், தடுப்பூசி அட்டை, குழந்தை தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் பழைய புடவைத் துண்டு, மூன்றும் பையில் போகட்டும். “சாப்பிடலேன்னா நர்ஸம்மாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்” என்று வீட்டில் மிரட்டி வளர்த்த பிள்ளை, வார்டில் அவர் தெர்மாமீட்டரோடு வந்தாலே கட்டிலுக்கடியில் போய்விடும். ஊசி போடும்போது “வலிக்காது” என்றும் சொல்லாதீர்கள். “சுருக்குன்னு இருக்கும்டா கண்ணு, மூணு எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்” என்று சொல்லி, மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்து எண்ணுங்கள்.