கடுங்குளிர் ஹீலியத்தில் எதிர்ப்பொருள்: புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

திருவனந்தபுரத்தில் ‘கிரையோ’ என்றதும் எல்லோருக்கும் வலியமலை ராக்கெட் மையம்தான் நினைவுக்கு வரும். அங்கே புழங்கும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. நமக்கு அது வெயில்காலம், மக்களே. ஹீலியம் திரவமாக மைனஸ் 269 வேண்டும்.

1. எதிர்ப்பொருள் பொருளின்மேல் பட்டதும் அழியும் என்று படித்திருப்பீர்கள். எவ்வளவு நேரத்தில் என்று கேட்கப் பழகுங்கள். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஜோடி சேர்ந்ததுதான் பாசிட்ரோனியம். இரண்டின் தற்சுழற்சியும் ஒரே திசையில் இருந்தால், வெற்றிடத்தில் அதன் ஆயுள் 142 நானோநொடி. தண்ணீரில் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் சும்மா விடாது. ஆயுள் 2 நானோநொடிக்கும் கீழே போய்விடும். திரவ ஹீலியத்திலோ ஏறக்குறைய 90! 1957இல் ஃபெரல் என்பவர் இதற்குக் காரணம் சொன்னார். ஹீலியத்தின் இரண்டு எலக்ட்ரான்களும் தங்கள் கூட்டை நிரப்பிவிட்டவை. பாவுலி விதிப்படி இன்னொன்றை அண்டவிடாது. அந்தத் தள்ளலில் பாசிட்ரோனியம் தன்னைச் சுற்றி ஒரு குமிழியை உண்டாக்கிக்கொள்கிறது. தனிப் பாசிட்ரான் நேர்மாறு, அணுக்களைத் தன் பக்கம் இழுக்கும். இரண்டையும் குழப்பாதீர்கள்.

2. கடிகாரம் எளிது. சோடியம்-22 பாசிட்ரானை விடும்போது 1275 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாக்கதிர், அது அழியும்போது 511. முதலாவது பிறப்பு, அடுத்தது இறப்பு, இடைவெளிதான் ஆயுள்.

3. எதிர்புரோட்டான் கதை வேறு. ஹீலியத்தின் ஓர் எலக்ட்ரானைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்; சில மைக்ரோநொடிகள் வாழும். செர்ன் ஆய்வகத்தில் ஹோரி, ஷோட்டெர் குழுவினர் இந்த அணுவைத் திரவ ஹீலியத்துக்குள்ளேயே லேசரால் ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். திரவத்தில் நிறமாலைக் கோடுகள் தடித்துக் கலங்கிப்போகும் என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். 2.2 கெல்வினுக்குக் கீழே, ஹீலியம் மீப்பாய்மமானதும் (உராய்வின்றிப் பாயும் திரவமானதும்), கோடு சட்டென்று மெலிந்துவிட்டது. எனக்கு இந்தத் துறையில் இதைவிடப் பிடித்த முடிவு இல்லை.

4. செர்னுக்குப் போகத் துடிப்பதற்கு முன், அனந்தபுரி எக்ஸ்பிரஸ்ஸில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கிக் கல்பாக்கம் போய்வாருங்கள். அங்கே பாசிட்ரானைக் கொண்டு உலோகத்திலுள்ள அணு அளவு ஓட்டைகளைத் தேடுகிறார்கள். கருவியும் கணக்கும் பழகிவிடும்.

5. ஒரு லிட்டர் திரவ ஹீலியம் வாயுவானால் எழுநூறு மடங்குக்கு மேல் விரியும். மணமில்லை, எச்சரிக்கை தராது. அறையிலுள்ள ஆக்சிஜனை வெளியேற்றிவிடும். ஆக்சிஜன் அளவி வேலை செய்கிறதா என்று பார்க்காமல் குடுவையைத் திறக்க வேண்டாம்.