மூன்றாம் வாரத்துச் சோர்வு

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து மூன்று வாரம். தினமும் நடந்தவர், இரண்டு நாளாகச் சாப்பாடு வேண்டாமென்று படுத்தே கிடக்கிறார். எல்லாம் வீணாகிவிட்டதா?
– வாசகி, சுபாங் ஜெயா

பதில்: வீணாகவில்லை, அம்மா. ஆனால் இன்றே மருத்துவக் குழுவுக்குத் தகவல் சொல்லுங்கள். கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு கூடவே 6 முதல் 12 வாரம் ஆகும். இரத்தச்சோகை, கெட்ட தூக்கம், மனச்சோர்வு எல்லாம் இந்தக் கட்டத்தில் சகஜம். அதனால் நேற்றோடு இன்றை ஒப்பிடாமல், போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடுவதே சரி. அதே சமயம் 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சீழ், ஓரிரு நாளில் இரண்டு கிலோ எடை கூடுவது ஆகியவற்றைச் சோர்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே 999.

“முடியாதவரை எழுப்பி ஏன் வதைக்க வேண்டும்?” என்று உறவினர்கள் கேட்பார்கள். அன்பில் கேட்பதுதான். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்து, மாரடைப்பு நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். பாஸ்டன் மருத்துவர்கள் லெவைனும் லவுனும் அவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்து, தீங்கு நேரவில்லை என்று 1952-இல் எழுதினார்கள். அது அறுவை சிகிச்சைக்கான சோதனை அல்ல என்றாலும், படுத்தே கிடந்தால் தசை கரையும், காலில் இரத்தம் உறையும், நுரையீரலில் சளி தேங்கும் என்பது இருவகை நோயாளிகளுக்கும் பொது. மருத்துவர் சரியென்றால், தலையணையை நெஞ்சோடு அணைத்து, கையை ஊன்றாமல் எழுந்து, வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடக்கட்டும். கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தேசிய இருதயக் கழகம் போன்ற இடங்களில் இருதய மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. அதையும் கேட்டுப் பாருங்கள்.